பாய்மரம் வெட்டிய கப்பல்

அம்மாவைத் தூத்துக்குடிக் கப்பலில் ஏற்றிவிடுவதற்காக நான் கொழும்புக்குப் போனேன். தலைமன்னார் வழி இன்னும் திறக்காத காலம். பதுளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து பண்டாரவளை வரை மாட்டு வண்டி, அங்கிருந்து ரயில். பிரசவ வேலை படித்து முடித்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த முதல் வருஷம் அது.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஊரில் கல்யாணம். நாங்கள் இலங்கைக்கு வந்த சமயம் அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் பிள்ளையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று அவளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. தூத்துக்குடியில் இறங்கி ஊருக்கு வண்டியில் போகவும் நாள் பிடிக்கும். இந்தக் கப்பலை விட்டால் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும்.

துறைமுகம் நிறையக் கப்பல்கள். எதையும் வகை பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். நடுவில் வெள்ளை பூசிய தபால் கப்பல். அதற்கு அப்பால் சரக்குக் கப்பல். தேயிலைப் பெட்டிகளைப் படகுகள் அதனிடம் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. எங்கள் தோட்டத்துப் பெட்டியும் அதில் இருந்திருக்கலாம். சேறு அள்ளும் கப்பல் ஒன்று, சங்கிலியில் கோத்த வாளிகள் ஓயாமல் சுற்ற நின்றது. பெரிய கப்பல்களை இழுத்துப்போகும் சிறிய நீராவிப் படகுகள். மாசிக் கருவாட்டு வாடை அடிக்கும் மாலைதீவுத் தோணிகள். அலை தடுக்கும் சுவரின் ஓரமாக ஒரு பழைய பாய்க்கப்பல். அதன் பாய்மரங்களை வெட்டிவிட்டு, மற்றக் கப்பல்களுக்கு வேண்டிய கரியை அதில் கொட்டி வைத்திருந்தார்கள்.

அம்மா அதைத்தான் பார்த்தாள்.

“இதென்ன, கவாத்து வெட்டின தேயிலை மாதிரி நிக்குது? வெட்டினா தளிர்க்கணுமே.”

பக்கத்தில் இருந்த படகுக்காரர் திரும்பினார். “அதுல ஏறிராதீங்க அக்கா. பேத்தி கல்யாணத்துக்குக்கூடப் போய்ச் சேரமாட்டீங்க.”

“நான் மக கல்யாணத்துக்கே போறேன்யா. வேகமாப் போறதாக் காட்டு.”

கறுப்புப் புகைபோக்கி வைத்த கப்பலை அவர் காட்டினார். காலையில் தூத்துக்குடியிலிருந்து வந்ததும் மாலையில் திரும்பப் போவதும் அதுதான்.

அம்மாவின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. இங்கே வரக் கப்பல் ஏறிய அன்று தோட்டத்து நம்பர் அடித்துக் கட்டிவிட்டது. இத்தனை வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தாள். வேண்டாம் என்று ரயிலிலேயே சொன்னேன்.

“இது இருந்ததாலதான் அன்னிக்கு ஏத்தினாங்க. போறப்பவும் கேப்பாங்க, பாப்பா. உனக்குத் தெரியாது.”

நான் டிக்கட் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அங்கே இல்லை.

“வில்லை போட்ட அக்காவா?” என்றார் படகுக்காரர். “இப்பத்தான் புது ஆளுங்களை ஓட்டிட்டுப் போனான் சேவகன். அவங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டானே.”

தோட்ட வேலைக்கு வந்த புது ஆட்களை நோய்ச் சோதனை முகாமுக்கு ஏற்றிப்போகும் ரயில் கொஞ்ச தூரத்தில் நின்றது. கடைசிப் பெட்டியில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, சொல்லக் கூடாதா?”

“வரிசையில நில்லுன்னான்.”

“கப்பலுக்குப் போறேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“பெரட்டுல வாயத் தொறந்தா பேர வெட்டிருவாங்கல்ல.”

விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் எண்ணி வேலைக்குப் பிரிக்கும் வரிசைதான் பெரட்டு. துறைமுகத்தில் பெரட்டு இல்லை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

என் வெள்ளை உடுப்பைப் பார்த்து, ஆள் கணக்கு எழுதும் குமாஸ்தா எழுந்து நின்றார். ஆனாலும் விடவில்லை. “நர்ஸம்மா, வந்த கணக்குக்கு ஒரு ஆள் கூடுதலா இருக்குது. அது இவங்கதான்னு எப்படிச் சொல்றது?” எல்லோரையும் இறக்கி, உட்கார வைத்து, வில்லை வில்லையாகப் பார்த்தார்கள். அம்மாவின் வில்லை மட்டும் துருவேறியிருந்தது. அவளை விட்டார்கள்.

நாங்கள் ஓடிவந்தபோது படித்துறையிலிருந்து கடைசிப் படகு போய்விட்டிருந்தது. தூத்துக்குடிக் கப்பல் நங்கூரத்தை எடுத்துவிட்டது. அது மெதுவாகத் திரும்பி, கரிக் கப்பலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் மறைந்து, மறுபடி தெரிந்து, சுவரைத் தாண்டிப் போனது. சேறு அள்ளும் கப்பலின் வாளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. படகுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, துடுப்பை எடுத்து உள்ளே வைத்தார்.

“நாளைக்கு ஏறினா?”

“முடியாதும்மா.”

“சரி.”

அவ்வளவுதான். அழவில்லை. ரயில் மலை ஏறும்போது அவள் மூட்டையை அவிழ்த்து, அக்காவுக்கு வாங்கிய சேலை கடல் சாரலில் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு பிரசவம் பார்த்துவிட்டு மலைப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். காலையில் பறித்த கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் அம்மா நின்றாள். வேலைக்குப் போக வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். என்னைக் கண்டதும் தலையை மட்டும் திருப்பினாள்.

“மணி என்ன, பாப்பா?”

மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“அப்பக் கட்டியாச்சு.”

முன்னால் நின்றவள் நகர்ந்தாள். அம்மா கூடையை இறக்கித் தராசுக் கொக்கியில் மாட்டினாள்.