கோப்பைக்கு விழுந்த சீழ்க்கை

யூஜெனி இருபது வருடமாகத் தியேட்டரில் வேலை பார்த்தாள். ஒரு படத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. டார்ச் அடித்து ஆட்களை இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைப்பது, இடைவேளையில் கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு சாக்லேட் ஐஸ் விற்பது, இவ்வளவுதான் அவள் வேலை. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. இடம் காட்டியதும் கையில் வைப்பதுதான் வரும்படி. ஒன்றும் வைக்காமல் உட்காருகிற கஞ்சப் பிசினாறிகளின் முகத்தில் ஒரு கணம் டார்ச்சை நிறுத்திவிட்டுத்தான் நகர்வாள். லியோன் நகரத்தில், ரோன் ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும் எங்கள் பேட்டையில் அந்த டார்ச்சுக்குப் பயப்படாதவர்கள் இல்லை.

விளக்கணைந்ததும் அவள் திரைக்கு ஓரமாக, சனங்களைப் பார்த்தபடி நின்றுகொள்வாள். படத்தைவிட முகம் நன்றாக இருக்கும் என்பாள். யார் முதல் தடவை வந்திருக்கிறார், யார் இரண்டாம் தடவை என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். முதல் தடவை வந்தவனுக்குத் திரையில் அடி விழுந்த பிறகுதான் முகம் சுருங்கும், மறு தடவை வந்தவனுக்குக் கை ஓங்கும் முன்பே சுருங்கிவிடும். இதில் அவள் தோற்று நாங்கள் பார்த்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் சிறைப் படம் வந்தது. பாட்டு இல்லை, இசை இல்லை, மருந்துக்கும் ஒரு பெண் இல்லை. சிறைக்குள் தையல் பட்டறையில் நாலு பேர் குளிர்காயும் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கரண்டியால் குடைகிறார்கள். அதுதான் படம். சுரண்டுகிற சத்தம் சுரண்டிக்கொண்டே இருக்கும். முதலாளி புஷார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் இரண்டு பெண்கள் பாதியில் எழுந்து வந்து, "ஒருத்தன்கூட ஷேவ் பண்ணல, இதுக்கு வீட்டுக்காரர் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கலாம்" என்று போய்விட்டார்கள்.

ஆனால் இருந்தவர்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் உட்கார இடமில்லை. சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழும் இடத்தில் கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஐஸ் காகிதம் சரசரத்தால் நாலு பக்கத்திலிருந்தும் "உஷ்!" வரும், காவலர்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. கொத்தனார் பெர்த்தோனி ஒருநாள் தாங்கமாட்டாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"டேய், சாந்துல தண்ணி தெளிச்சுட்டுக் குடைங்கடா! சத்தமே வராது!"

"உக்காருய்யா! உன்னால மாட்டிக்கப் போறாங்க!"

சிறைக் காவலராக இருந்து ஓய்வுபெற்ற லகாஸ் மட்டும், "எங்க காலத்துல இதெல்லாம் நடக்க விட்டிருக்கமாட்டோம்" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க காலத்துல நீங்க தூக்கத்துலேருந்து எழுந்திருச்சாத்தானே?" என்றார் பெர்த்தோனி.

படத்தின் நடுவில் ஒரு காட்சி. நாலு பேரில் ஒருவனை, வீட்டிலிருந்து வந்த பார்சல் விஷயமாக அதிகாரி கூப்பிடுகிறார். நாற்காலியைக் காலால் தள்ளி உட்காரச் சொல்கிறார். காபி வருகிறது. அவன் குடிக்கிறான். அவ்வளவுதான். முதல் தடவை பார்ப்பவர்கள் அந்த நேரத்தில் ஐஸ் நக்கிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் காவலர்கள் நேராக வந்து அடுப்பை நகர்த்தும்போதுதான், அடப்பாவி, அந்தக் காபி! என்று உறைக்கும். அதனால் மறுபடி வந்தவர்கள் கோப்பை மேசையில் வைக்கப்பட்டதும் சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தார்கள். எங்களிடம் சீழ்க்கை என்றால் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம்.

இதைத் தொடங்கிவைத்தது டிக்கெட் கூண்டில் உட்காரும் ஓடில். அவள் புருஷன் கஸ்தோனும் யூஜெனியின் மகன் ரெமியும் ஒரே சிறையில், ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரு கிட்டங்கித் திருட்டில் மாட்டியவன் கஸ்தோன், லாரி ஓட்டப் போய் மாட்டியவன் ரெமி. இரண்டு பெண்களும் சிறை வாசலில் பார்வையாளர் வரிசையில்தான் பழக்கமானார்கள். ஓடிலுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே யூஜெனிதான்.

அவர்கள் அறையிலும், இவர்கள் இருவரையும் சேர்த்து நாலு பேர் தப்பிக்கப் பார்த்தார்கள். சலவைக் கூடத்துச் சாக்கடை வழியாக. போகவேண்டியதற்கு முந்தின நாள் காவலர்கள் எதையும் தேடவில்லை, நேராக வந்து மூடியைத் தூக்கினார்கள். கஸ்தோனுக்குத் தண்டனை நீண்டது. இருட்டறையில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, இருமினால் ரத்தம் வந்தது. ரெமியை வடக்கே வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். காட்டிக்கொடுத்தவன் யார் என்று தெரியவில்லை. இரண்டு பெண்களும் அந்தப் பெயர் தெரியாதவனைச் சபிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கழிந்ததில்லை. "அவன் அம்மா அவனுக்குப் பால் கொடுத்த நேரத்துல விஷத்தைக் கொடுத்திருக்கலாம்" என்பாள் யூஜெனி.

படம் ஓடிய நாளெல்லாம், அந்தக் காட்சி நெருங்கியதும் ஓடில் கூண்டைச் சாத்திவிட்டு உள்ளே வருவாள். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கும் சீழ்க்கை ஆற்றுப் பாலம் வரை கேட்கும். யூஜெனிக்கு மட்டும் வராது. விரலை வைத்து ஊதினால் புஸ்ஸென்று காற்றுதான் போகும்.

"என்னக்கா, சைக்கிள் டியூப்புல ஓட்டையா?" என்று ஓடில் சிரிப்பாள். அவள் சிரிப்பது அந்த ஒரு நேரத்தில்தான்.

ரெமி அந்த மாதம் விடுதலையானான். நன்னடத்தை என்று சொன்னார்கள். சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை, அவன்தான் எல்லோரிலும் சின்னவன். யூஜெனி வாங்கிவைத்த காபியை மட்டும் அவன் தொடவில்லை. வயிறு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அவள் பால் காய்ச்சிக் கொடுத்தாள். வாசல் கதவை அவன் தானாகத் திறப்பதில்லை, யாராவது திறக்கட்டும் என்று நிற்பான். ஆனாலும் பிள்ளை வந்துவிட்டான். இனி அவனுக்கு ஒரு வேலை, ஒரு கல்யாணம், பேட்டையில் தலைநிமிர்ந்து ஒரு நடை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பேட்டைக்கோ வேறொன்று வேண்டியிருந்தது. படத்தில் காட்டுவது நிஜமா என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டான். பெர்த்தோனி அவனுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

"வேணாம் மாமா. நான் பாத்ததே போதும்."

"அட வா தம்பி! நீ பக்கத்துல இருந்தாத்தான் எங்களுக்குப் பெருமை."

பின்னாலிருந்து தள்ளிக் கொண்டுபோனவள் யூஜெனிதான். "போடா! உன் கதைதான் ஓடுது. ஊரே உனக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, போய்ப் பாரு!" நல்ல இருக்கையாகப் பார்த்து டார்ச் அடித்து உட்கார வைத்தாள். பிறகு வழக்கம்போல ஓரமாக நின்று, அன்று ஒரே ஒரு முகத்தைப் பார்த்தாள்.

சுவர் குடையும் காட்சியில் ரெமியின் விரல்கள் முழங்காலில் அசைந்தன. பெர்த்தோனி காதில் ஏதோ கேட்க, ஆமாம் என்று தலையாட்டினான். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தான். யூஜெனிக்கு மனம் குளிர்ந்தது. அப்போது பார்சல் காட்சி வந்தது. ஓடில் உள்ளே வந்து கூடத்தின் கடைசியில் நின்றாள். திரையில் அதிகாரி நாற்காலியைக் காலால் தள்ளினார்.

காபி இன்னும் வரவில்லை. ஒருவரும் சீழ்க்கை அடிக்கவில்லை. முதல் தடவை பார்க்கிறவனுக்கு அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

ரெமியின் தலை தாழ்ந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

கோப்பை வந்தது, சீழ்க்கை எழுந்தது, கூடமே இரைந்தது. யூஜெனி டார்ச்சைக் கீழே போட்டுவிட்டாள். இருபது வருடத்தில் அவள் எந்த முகத்தையும் தப்பாகப் படித்ததில்லை. இந்த ஒரு தடவை தப்பாக இருக்கட்டும் என்று மாதாவை வேண்டினாள்.

படம் முடிந்து, காபியும் ஒயினும் விற்கும் பக்கத்துக் கடையில் பெர்த்தோனி ஒயின் ஊற்றினார். "சரி தம்பி, உங்களைப் போட்டுக்கொடுத்த நாய் எது? தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது மாமா" என்றான் ரெமி. சொல்லும்போது அவன் அம்மாவைத்தான் பார்த்தான்.

பாலத்தில் அவர்கள் இருவர் மட்டும் நடந்தார்கள். பாதிப் பாலம் வந்ததும் யூஜெனி நின்றாள்.

"காபியில சர்க்கரை போட்டாங்களா?"

ரெமி ஆற்றைப் பார்த்தான். "ரெண்டு கட்டி."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சாங்களாடா? சொல்லு, அடிச்சுத்தானே கேட்டாங்க?"

"இல்லம்மா. உக்காருப்பான்னாரு. உள்ள போனதுலேருந்து என்னை யாரும் உக்காருன்னு சொன்னதில்ல. அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாரு. நான் அழுதுட்டேன். அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அடித்திருந்தால் அவளுக்கு அழுவதற்காவது ஒரு வழி இருந்திருக்கும்.

"ஓடில் அக்காகிட்ட நானே போய்ச் சொல்லிடவா?"

"சொல்லி? கஸ்தோனுக்கு நெஞ்சு திரும்பி வருமா? உன்னை இந்தப் பேட்டையில உயிரோட விடுவாங்களா?" அவள் குரல் உயர்ந்து, உடனே அடங்கியது. "வாயை மூடிக்கிட்டு வா. நீ என்கிட்டயும் சொல்லல, நான் கேட்கவும் இல்ல."

விஷம் கொடுத்திருக்க வேண்டிய தாய் அவள்தான் என்று நடந்துகொண்டே நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். வீட்டு வாசலில் மகன் கதவுக்கு முன் நின்றான். அவள்தான் திறந்துவிட்டாள்.

மறுநாள் மாலைக் காட்சிக்குக் கூட்டம் இன்னும் அதிகம். படத்தை மேலும் ஒரு மாதம் ஓட்டப்போவதாக புஷார் வாசலில் பலகை மாட்டிவிட்டார். ஓடில் கூண்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து யூஜெனியின் கையைக் கோத்துக்கொண்டாள்.

"ரெமி என்ன சொன்னான்கா? யார் மேலயாவது சந்தேகம்னானா?"

"தெரியாதாம்."

"பாவம், சின்னப் பையன். அவனுக்கென்ன தெரியும். கஸ்தோன் நேத்து எழுதியிருக்காரு, ரெமியை விட்டுட்டாங்கன்னு கேட்டு மனசு நிறைஞ்சுபோச்சாம்."

திரையில் நாற்காலி நகர்ந்தது. கோப்பை வந்தது. ஓடில் சீழ்க்கை அடித்தாள், கூடமே அடித்தது. ஓடிலின் முகம் அவள் பக்கம் திரும்பி, நீயும் அடி என்றது. யூஜெனி இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். அன்றைக்குப் பார்த்து அது வந்துவிட்டது. நீளமாக, சுத்தமாக, எல்லாச் சத்தத்துக்கும் மேலாக.

"வந்துடுச்சுக்கா!" என்று ஓடில் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். "இனிமே தினம் அடிக்கணும், தெரிஞ்சுதா?"