‘இல்லை’ என்று டிக் அடித்த கை

மாட்டு டாக்டர் என்றால் ஊருக்குப் புரியும். நாய் டாக்டர் என்றால் மரியாதையே கிடைக்கும். ஆய்வுக்கூட விலங்குகளுக்கு டாக்டர் என்று அவள் சொன்னால், “அதாவது எலிக்கா?” என்று கேட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். மாற்றாதவன் அவளுடைய தம்பி ஒருவன்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவன், அக்காவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ‘எலி டாக்டர்’ என்ற பட்டத்தை அவளுக்குத் தினமும் புதுப்பித்துக்கொண்டிருந்தான்.

கால்நடைப் படிப்பு முடித்தபின் இந்தத் துறையில் மூன்று வருட ரெசிடென்சிப் பயிற்சி. அது முடிய நான்கு மாதம் இருந்தது. முடித்தால்தான் பரீட்சை எழுதலாம், எழுதினால்தான் அந்தப் பட்டத்துக்கு ஒரு காகிதம் கிடைக்கும். பிற டாக்டர்களின் நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போவார்கள். அவளுடைய நோயாளிகள் யாரும் போவதில்லை. ஆராய்ச்சி முடியும்வரை அவற்றுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எலி வாய் திறந்து சொல்லாது. கண் இடுங்குவதையும் காது பின்னால் மடங்குவதையும் பார்த்துத்தான் வலி என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் படிக்க இரண்டு வருடம் ஆனது.

ஆய்வுக்கூடக் கட்டிடத்தின் வாசலில் தினமும் ஒரு படிவம் இருக்கும். கேள்வி ஒன்றே ஒன்று: கடந்த ஐந்து நாட்களில் வெளியே எங்காவது எலியைத் தொட்டீர்களா? உள்ளே இருப்பவை எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கவைக்கப்பட்டவை. வெளியில் ஓர் எலிக்குச் சளி பிடித்தால் தும்மும். உள்ளே பிடித்தால் அறையே காலி. ஆகவே அங்கே வேலை செய்பவர்கள் எலி வளர்க்கக் கூடாது. அவளும் இரண்டரை வருடத்துக்கு மேலாக ‘இல்லை’ என்று டிக் அடித்துவந்தாள். முதல் மாதம் கேள்வியைப் படித்து அடித்தாள். பிறகு கை தானாக அடித்தது.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசைமேல் ஒரு கூண்டு. உள்ளே வெள்ளெலி.

“எலி டாக்டர் வீட்டுல ஒரு எலிகூட இல்லன்னா யாரு நம்புவாக்கா?” என்றான் தம்பி.

எலி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. அவள் கூண்டைத் திறந்து, வாலின் அடியைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையில் வைத்து, நெஞ்சை விரலால் பார்த்துவிட்டாள். கை செய்து முடித்த பிறகுதான் வாய், “நாளைக்கே இதத் திருப்பிக் குடுத்துடு” என்றது. தம்பியைத் திட்டியதில் மற்றது மறந்துபோயிற்று.

மறுநாள் காலை அதே கை ‘இல்லை’ என்று டிக் அடித்தது.

எட்டுக் கூண்டுகளைத் திறந்து பார்த்து மூடியிருந்தாள். ஒன்பதாவதில் ஓர் எலியைத் தூக்கப் போனபோது, முந்தின நாள் உள்ளங்கையில் துடித்த மூச்சு நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. குளித்திருந்தாள், உடை மாற்றியிருந்தாள், கையுறை இருந்தது. அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. வாயை மூடிக்கொண்டிருந்து, பின்னால் ஏதாவது ஆனாலும் காற்றுக்குழாயைத்தான் குறை சொல்வார்கள். காற்றுக்குழாய்க்கு நான்கு மாதத்தில் பரீட்சை கிடையாது.

சுவரோரமாக நின்றாள். அந்த அறையில் இன்னும் எண்பத்திரண்டு கூண்டுகள் இருந்தன.

வாசலுக்கு வந்து, படிவத்தில் ‘இல்லை’யைக் கோடிட்டு அடித்துவிட்டு, ‘ஆம்’ என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டாள். அவளுக்குப் பயிற்சி தரும் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. அதற்கு அவள் தயாராக வந்திருந்தாள், வீணாயிற்று.

“எத்தனை கூண்டு?”

“எட்டு சார். முப்பத்தாறு எலி.”

எட்டையும் தனி அறைக்கு மாற்றினார்கள். வீட்டு எலியின் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கேட்டார்கள். தம்பி அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, மேலே ‘அவசரம்’ என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு நாளில் முடிவு வந்தது. தொற்று இருந்தது. முப்பத்தாறுக்கும் ஒட்டியிருக்கிறதா என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் அவை மூச்சு முட்டிச் சாகலாம். காத்திருக்க வேண்டாம், வலிக்காமல் கொன்றுவிடலாம் என்று முடிவாயிற்று. வேறு ஆளை அனுப்புவதாகப் பெரிய டாக்டர் சொன்னார்.

“வேணாம் சார். நானே செய்யறேன்.”

வாயுவை மெதுவாகத்தான் திறக்க வேண்டும், அவசரப்பட்டால் அவை பதறும். எட்டு முறை மெதுவாகத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் மூச்சு நின்றதைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கும் கண் இடுங்கியிருக்கவில்லை. ரெசிடென்சிப் பதிவேட்டில் நோயின் மூலம் என்ற கட்டத்தில் ‘வெளி எலி’ என்று எழுதினால் போதும் என்றார் பெரிய டாக்டர். அவள் ‘நான்’ என்று எழுதினாள். அவர் அதைப் படித்துவிட்டு, பரீட்சை எழுத அவர் தரவேண்டிய சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், கையெழுத்திட்டார்.

வீட்டில் தம்பி துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். நோய்வந்த எலியை, அதை விற்ற கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. நண்பனின் அறைக்கு அதோடு போவதாக முடிவு செய்திருந்தான்.

“இதையும் கொன்னுடணுமாக்கா?”

“வேணாம். ரெண்டு மூணு வாரத்துல தானா சரியாயிடும்.”

அவன் கூண்டைத் தூக்கினான். எலி இரண்டு முறை தும்மிவிட்டுத் தீனியைக் கொறிக்கத் தொடங்கியது. அதன் காது பின்னால் மடங்கியிருக்கிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.