பெயர் வாசிக்கும் நாள்

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் டீச்சர் என் மகள் பெயரை வாசித்திருக்கிறார். அவள் எழுந்து, "மூணு பேர் இருக்கோம் சார்" என்றாளாம். எங்கள் முகாமில் மாதம் இரண்டு முறை அதிகாரி வந்து பெயர் வாசிப்பார். குடும்பத்தில் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். அம்மா, நான், மகள் என்று நாங்கள் மூன்று பேர். பெயரைக் கூப்பிட்டால் அதுதான் பதில் என்று பிள்ளை நினைத்துவிட்டது. நானும் சிரித்தேன். பிறகு ஆத்திரம்தான் வந்தது.

நான் விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் காகிதக் குழாய் சுற்றுகிறேன். ஆனாலும் பதிவேட்டில் இலங்கை அகதி. அந்த நாட்டை நான் கண்ணால் கண்டதில்லை. மன்னாரில் பிறந்த அக்கா கல்யாணமாகிக் கனடா போய், அங்கேயும் அகதி என்றுதான் எழுதிக் கொடுத்தாள். சில வருடங்களில் கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லச் சொல்லி, பாஸ்போர்ட் கொடுத்துவிட்டார்கள். சுவிஸில் இருக்கும் மாமா அந்த ஊர்ப் பாஷை படித்து, பரீட்சை எழுதி வாங்கினார். இங்கே அரிசி கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள். உப்பிட்டவரை நான் மறக்கவில்லை. எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்றுதான் யாரும் சொல்லவில்லை. வாசல் பலகையில் அகதிகள் முகாம் என்பதை அழித்து மறுவாழ்வு முகாம் என்று எழுதினார்கள். பெயிண்ட் காயும்வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

போன வருடம் அம்மாவைப் பார்க்க அக்கா வந்தாள். வெளிநாட்டுக்காரி முகாமுக்குள் வர அனுமதி கிடைக்கவில்லை. நான்கு நாளும் எதிர் டீக்கடை பெஞ்சில்தான் இருவரும் பேசினார்கள். அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த முறை மகள் முகம் தெரியுமோ என்னவோ. அக்காவை வழியனுப்ப அம்மாவை மதுரை விமான நிலையம்வரை கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதே நாளில் பெயர் வாசிக்கும் செக்கிங்கை வைத்துவிட்டார்கள். ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். அதிகாரியிடம் கெஞ்சினேன். நல்ல மனிதர்தான்.

"எங் கையில என்னம்மா இருக்கு? மூணு பேரும் நின்னுதான் ஆகணும்" என்றார்.

அக்கா போகிற வழியில் காரை நிறுத்தி, வேலிக்கு வெளியே வந்து நின்றாள். வரிசையில் என் தோளைப் பிடித்திருந்த அம்மா, "பிள்ளை எங்க நிக்கிறாள்?" என்று கேட்டாள். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அதிகாரி அம்மாவின் பெயரை வாசித்தார்.

வேலியைப் பார்த்தபடியே, "நாலு பேர் இருக்கிறம் சார்" என்றாள் அம்மா.

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். மூணு பேர் என்று நான்தான் திருத்திச் சொன்னேன்.