பாக்கி வீட்டுப் பச்சைத் தண்ணீர்

மேயர் வீட்டு வரவேற்பறையில் காபி வந்ததும் வசூலுக்கு வந்தவர் தோள்பையைத் திறந்து சொந்தத் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கிறார். "வேண்டாங்கய்யா. இந்தக் காபியில இருக்கிற தண்ணிக்கு நீங்க இன்னும் பணம் கட்டல. நான் ஓசியில குடிச்ச மாதிரி ஆயிடும்." மேயர் சிரிக்கிறார். இதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. பணம் கட்டுவதுதான் இன்னும் பழகவில்லை.

மாநகராட்சி வருவாய்ப் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரர் இவர். பில் கலெக்டர். சாதாரண ஜனங்களின் தண்ணீர் வரிப் பாக்கியை வசூலிக்க ஒரு படையே இருக்கிறது. மேயரும் கவுன்சிலர்களும் வைத்திருக்கும் பாக்கிக்கு இவர் ஒருவர்தான். அந்த வேலைக்கு ஆள் கேட்ட அன்று எங்கள் எல்லோருக்கும் திடீரென்று முதுகுவலி வந்தது, இவருக்கு வரவில்லை. பாக்கி உள்ள வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது அவராக எடுத்துக்கொண்ட விரதம்.

கவுன்சிலர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வறட்சி'. தெருமுனையில் தலை தெரிந்ததுமே, "வறட்சி வருதுடா, கேட்டைச் சாத்து" என்று குரல் கேட்கும். "ஐயா ஊர்ல இல்ல" என்று உள்ளிருந்து ஐயாவே சொல்வதும் உண்டு. "சரிங்கய்யா, ஐயா வந்ததும் ஐயாகிட்ட சொல்லிடுங்கய்யா" என்பார் இவர். சிரிக்கவும் மாட்டார்.

மன்றக் கூட்ட நாளில் அவரைப் பார்க்க வேண்டும். "பாக்கிக்காரன் வீட்டுக் குழாயைப் பிடுங்கு!" என்று மேசையைத் தட்டி முழங்கும் கவுன்சிலருக்கு வாசலில் நின்று பலமாகக் கைதட்டுவார். கூட்டம் கலைந்ததும் அவரிடமே போய், "அருமையா பேசுனீங்கண்ணே. முதல் குழாய் உங்களோடதுதான், எப்ப வரட்டும்?" என்பார். அந்த அண்ணனுக்கு உடனே செல்போனில் அவசர அழைப்பு வந்துவிடும்.

இவருடைய கூடப் பிறந்த ஒரே தங்கை போன தேர்தலில் கவுன்சிலர் ஆனார். ஆனதும் தண்ணீர் வரி கட்டுவதை நிறுத்திவிட்டார். பதவிக்கு அதுதான் அழகு போலும். மனைவியை இழந்த இவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். அது நின்றுபோனது. ஆனாலும் ஞாயிறுதோறும் போவார், பாட்டிலோடு உட்கார்ந்து பேசுவார், பசியோடு திரும்புவார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

போன ஞாயிறு நானும் உடன் போனேன். தங்கை ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன் நங்கென்று வைத்தார்.

"அண்ணே, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு. என் வீட்டுத் தண்ணிய குடி. இல்லன்னா இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

அவர் கை பைக்குள் போய்ப் பாட்டிலைத் தொட்டு, அங்கேயே நின்றது.

"நீ கட்டிடும்மா. நான் குடம் குடமா குடிக்கிறேன்."

தங்கையின் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். தங்கை விருட்டென்று உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நோட்டுகளை அண்ணன் மடியில் போட்டார்.

"பாதிதான் இருக்கு. மீதிய அப்புறம் பாக்கலாம். கவுன்சிலருக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

அவர் எண்ணிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் பையைவிட்டு அகலாத ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதி, கிழித்து, இரண்டு கையாலும் தங்கையிடம் நீட்டினார். பிறகு டம்ளரை எடுத்து அண்ணாந்து குடித்தார். சரியாகப் பாதியில் நிறுத்தி, மீதித் தண்ணீரைத் தங்கை பக்கமாக நகர்த்தி வைத்தார்.