இத்தா வீட்டில் பச்சோலி வாசம்

14-10-1964, புதன்

இன்று கடையில் ஒரு சிறு தவறு செய்தேன். சந்தன அத்தர் கேட்ட கோதண்டராமன் வாத்தியாரின் புறங்கையில் சந்தனத்தையே தொட்டு வைத்துவிட்டு, "பச்சோலி சார், மூணு நாளைக்குப் போகாது" என்றேன். அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "இன்னாய்யா கௌஸ், மூக்க வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

உண்மையில் அப்படித்தான். நான்கு நாளாக என் மூக்கில் பச்சோலியைத் தவிர எதுவும் ஏறவில்லை. கீழே இருப்பது எங்கள் வீட்டில் நடந்தது. என்மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. அதனால் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

பச்சோலி என்பது சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு பச்சிலையின் எண்ணெய். பூ வாசம் சீக்கிரம் பறந்துவிடும். அடியில் இரண்டு சொட்டுப் பச்சோலி இருந்தால் அதைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதில் பச்சையாக, காரமாக மணக்கும். வருடக்கணக்கில் கிடந்தால் மழை விழுந்த மண் மாதிரி ஆகிவிடும்.

என் அண்ணன் பக்ருதீனுக்கு இந்த எண்ணெய்மேல் பைத்தியம். நிக்காஹ் ஆன புதிதில் அண்ணி மெஹபூப் பீக்குத் தூக்கமே வராது. பச்சோலியில் மகிழம்பூ அத்தரும் கொஞ்சம் சந்தனமும் கலந்து அவளுக்காக ஒரே ஒரு பாட்டில் செய்தான். அது விற்பதற்கில்லை. அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் இடது கையால் அறைத் திரையை விலக்கி உள்ளே போவான். அண்ணியின் காதோரம் ஒரு சொட்டு. கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிவிடுவாள். "அத்தர்காரனுக்கு வாக்கப்பட்டவ, கோழியோட அடைஞ்சிடறா" என்று அம்மா கேலி செய்வாள்.

செப்டம்பரில் மஞ்சள்காமாலை அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. மருந்துக்காக விழுப்புரம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் தாமதம். வீட்டுக்கு வந்தபோது குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி முடித்திருந்தார்கள். முகத்தை மட்டும் பார்த்தேன். மருந்து இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அண்ணி இத்தா இருக்கிறாள். புருஷன் போன பிறகு நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அலங்காரம் கூடாது. அத்தர் தொடவே கூடாது. நான் கொழுந்தன் என்பதால் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தியில் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வாசம் வந்தது. அண்ணன் கலந்த அதே வாசம். ஒரு மாதமாகக் கண் மூடாத அண்ணி அன்று தூங்கினாள்.

அம்மா ஹுசைன் பீ அவளை உலுக்கி எழுப்பினாள். "எம்புள்ள மண்ணுக்குப் போயி நாப்பது நாள் ஆவல. உனக்கு அத்தர் கேக்குதாடி?"

"நான் தொடல மாமி. அல்லா மேல ஆணை."

"அப்ப வாசம் இன்னா, மலை மேலேர்ந்து தானா எறங்கி வந்துச்சா?"

அம்மா பெட்டியைக் கவிழ்த்தாள். தலையணையைப் பிரித்தாள். பாட்டில் கிடைக்கவில்லை. திங்களும் செவ்வாயும் வாசம் வந்தது. இன்று காலை முடிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னிக்கும் வந்துச்சுன்னா, நாளைக்கு மொத பஸ்ஸுல இவள திண்டிவனத்துல அவ அண்ணன் வீட்ல வுட்டுட்டு வந்துடு கௌஸ்."

இத்தாவை முறித்தவள் என்ற பெயரோடு போனால் அண்ணி அங்கேயும் தலைநிமிர முடியாது.

மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகவில்லை. கூடத்தில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துத் திரைக்கு எதிரே உட்கார்ந்தேன். உள்ளே அம்மா அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்திருந்தாள். வாசல் கதவைத் தாழிட்டேன். சந்தேகப்பட்டு மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

மஃரிப் பாங்கு முடிந்தது. ஊருக்கு மேலே நிற்கும் ராஜகிரி மலையின் உச்சியில் இருந்த வெளிச்சமும் போனது.

கிர்ர்...

கண்ணாடி மூடியைத் திருகும் சத்தம். நாளெல்லாம் கடையில் கேட்கும் சத்தம்.

மூக்கு குழம்பினால் அத்தர்காரர்கள் முழங்கை மடிப்பை முகர்வார்கள். முகர்ந்தேன். வெறும் வியர்வை. மறுபடி மூச்சை இழுத்தேன்.

பச்சோலி.

திரை விலகியது. காற்றென்றால் கீழ்முனை ஆடும். இது தோள் உயரத்தில் மடிந்தது... விரல்கள் பிடித்ததுபோல.

விளக்குச் சுடர் அசையவில்லை.

திரை விழுந்தது.

"யாரு...?" உள்ளே அம்மாவின் குரல்.

அப்புறம் ஒன்றுமில்லை...

அப்புறம், தூங்குகிறவளின் சீரான மூச்சு.

அம்மா வெளியே வந்தாள். "அவ கைய நான் வுடவே இல்லடா. காதோரம் ஈரமா இருக்குது..."

திரையின் ஓரத்தில் புதிதாக ஓர் எண்ணெய்க் கறை. கட்டைவிரல் அகலம்.

அண்ணனைக் குளிப்பாட்டிய சாந்த் பாஷா மாமாவை இரவு இஷா தொழுகை முடிந்ததும் கையோடு அழைத்து வந்தேன். அந்தப் பாட்டிலைப் பார்த்தாரா என்று அம்மா எதிரிலேயே கேட்டேன்.

"அதுவா? உங்க அண்ணிதான் திரைக்கு வெளிய நீட்டுச்சு. 'எனக்கு எதுக்கு மாமா, அவருக்கே ஊத்திடுங்க'ன்னுச்சு. கடைசிச் சொட்டு வரைக்கும் கபன்ல ஊத்தினேன். காலி பாட்டில எங்கையாலயே கபர்ல போட்டு மண்ணத் தள்ளினேன்."

அம்மா எங்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"பக்ரு... அவ இத்தாவுல இருக்கறாடா. இன்னும் மூணு மாசம் இருக்குது. அத்தர் வெக்கக்கூடாதுடா கண்ணு..."

பிறகு உள்ளே போய், தூங்கும் அண்ணியின் முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் அழுகைச் சத்தம் கேட்டது. அங்கிருந்தே சொன்னாள்: "காலைல நீ போயி அவன்கிட்ட சொல்லிட்டு வா கௌஸ். வராதன்னு மட்டும் சொல்லிடாதடா."

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். ஞாயிறன்று வாசம் பச்சையாக, காரமாக இருந்தது. இன்று மழை விழுந்த மண். எந்தப் பச்சோலியும் நான்கு நாளில் அவ்வளவு பழசாகாது.

நாளை: திண்டிவனம் பஸ் இல்லை. கடை திறக்கும் முன் கபர்ஸ்தானுக்குப் போக வேண்டும். அத்தர் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும்.