வேலியில் முற்றிய சுரைக்காய்

அமெரிக்காவில், பேர்லேண்டில் பதினாறு வருஷமாக இருக்கும் வசந்தாமணிக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. போன ஜூலையில் தம்பி மகள் கல்யாணத்துக்காக அவளும் கணவர் திருமூர்த்தியும் கோபிச்செட்டிபாளையம் போய், ஆறு வாரம் கழித்துத் திரும்பினார்கள். ஸ்ப்ரிங்க்ளர் தன் பாட்டுக்குத் தண்ணீர் விட்டதில், கொல்லையில் இருந்த சுரைக்கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கியிருந்தது. பறிக்க ஆளில்லாமல் காய்கள் குடம்போலப் பருத்து, நகம் இறங்காதபடி முற்றிவிட்டன.

"ட்ராஷ்ல போட்டுறட்டுமா?" என்று திருமூர்த்தி ஒரு காயில் கை வைத்ததுதான் தாமதம், வேலிக்கு அப்பால் இருந்து "நோ! நோ!" என்று ஒரு குரல். பக்கத்து வீட்டு நர்ஸ் ஃபோலாகே. நைஜீரியாக்காரி. அதுவரை இரண்டு வீட்டுக்கும் கையாட்டிக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான்.

"கொடியிலேயே காயட்டும். எங்க ஊர்ல இதுல ஷெக்கரேன்னு ஒரு வாத்தியம் பண்ணுவோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். காய்ந்த சுரைக்குடுவை ஒன்றைக் கொண்டுவந்து குலுக்கினாள். அதைச் சுற்றி மணி கோத்த வலை. வலை சரிந்து சரிந்து குடுவையில் மோத, சலங்கைக்கும் மழைக்கும் நடுவே ஒரு சத்தம். வசந்தாமணியின் கண் வலையின் முடிச்சில் போய் நின்றது. காலேஜ் நாளில் ஒயர் கூடை பின்னியே புடவை வாங்கியவள் அவள்.

"இத நான் பின்னித் தர்றேன்" என்றாள்.

ஜனவரியில் காய்கள் காய்ந்து லேசாகின. ஃபோலாகே மேல்முனையை அறுத்து, விதையைச் சுரண்டிக் கழுவிக் கொடுத்தாள். வசந்தாமணி நான்கு சாயங்காலம் உட்கார்ந்து, ஒரு முடிச்சு பிசகாமல் இறுக்கமாகப் பின்னி முடித்தாள். ஃபோலாகே வாங்கிக் குலுக்கினாள். சத்தமே வரவில்லை. உதட்டைக் கடித்துப் பார்த்தவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"ரொம்ப அழகு, வசந்தா. ஆனா இவ்வளவு டைட்டா சட்டை போட்டா பாவம், அது எப்படி ஆடும்?"

வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. குடுவையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் தானே கத்திரியை எடுத்து வலையை வெட்டிப் போட்டு, மூன்று விரல் நுழையும்படி தளர்வாகப் பின்னினாள். சமையலறையில் நின்று குலுக்கியதும் திருமூர்த்தி மீட்டிங்கைப் பாதியில் விட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன வசந்தா, பாசிப்பயறு கொட்டிருச்சா?"

"கொட்டலீங்க. சத்தம் வந்துருச்சு!" என்று அவர் காதருகே இன்னொரு தரம் குலுக்கிக் காட்டினாள்.

ஏப்ரலில் ஃபோலாகேயின் சர்ச் ஆட்கள் பார்க்கில் கூடியபோது, நான்கு டிரம்களுக்குப் பக்கத்தில் வசந்தாமணியும் ஷெக்கரேயோடு நின்றாள். முதல் பாட்டில் தாளம் தப்பியது. இரண்டாவதில் ஃபோலாகே இடுப்பால் இடித்து இடித்து எண்ணிக்கை காட்டினாள். மூன்றாவதில் வசந்தாமணி தாளத்தைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபின் விட மனசில்லை. டிரம்காரர்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. பெரிய டிரம் வாசித்தவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே அவளுக்காக மறுபடி ஆரம்பித்தார்.