மேடில்லாத கோடு

ஆன்டெனா திரும்பும் கிறீச் சத்தம் கேட்டதும் ராமசந்திரன் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்கிறார். இனிப் பன்னிரண்டு நிமிடம் அவரிடம் யாரும் பேசக்கூடாது. கடல் பக்கம் எழும் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்து மறைகிற நேரம் அது.

எங்கள் தீவின் தெற்கே, சுரினாம் என்ற ஊரைத் தாண்டி, கரும்புக்கு நடுவே இருக்கிறது அந்தச் சின்ன நிலையம். செயற்கைக்கோளில் ஒரு தொலைநோக்கி. எங்கோ கோடானுகோடி தூரத்தில் சில வினாடி வெடித்து அணையும் காமாக் கதிரை அது பிடித்து வைத்திருக்கும். கீழே இவர் அதை வாங்கினால் காகிதச் சுருளில் பேனா ஒரு மேடு போடும். வாங்கத் தவறினால் பழையதை அழித்துவிட்டுச் செயற்கைக்கோள் புதியதை எழுதிக்கொள்ளும். அதே வெடிப்பு மறுபடி வராது.

ராமசந்திரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் கிரியோல்தான். தமிழ் கோயிலோடு சரி. தமிழ் வாத்தியாரான என்னை மரியாதையாக 'மிசியே' என்பார். கருவி பழசு, செயற்கைக்கோள் எழும்போது ஒரு குமிழை இரண்டு பல் இடப்பக்கம் திருப்பி, ஏழு எண்ணி, திரும்பக் கொண்டுவர வேண்டுமாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வித்தை. "என் கைக்கு மட்டும் தெரியும், மிசியே" என்று பீற்றிக்கொள்வார். எழுதி வைத்துத் தொலையுமய்யா என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! "திமேன், திமேன்" என்பார். நாளைக்காம்.

மனைவி பூங்காவனம் துணி ஆலையில் பதினெட்டு வருடம் சட்டைக் காலர் தைத்தவர். போன தைப்பூசத்துக்குச் சில மாதம் முன்பு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. இவர் காவடி நேர்ந்துகொண்டார். பத்து நாள் விரதம், நாக்கில் வேல், ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை தோளை விட்டு இறக்கக்கூடாது.

தைப்பூசத்தன்று இவர் நாற்காலியில் சக ஊழியர் ஜான்-மார்க். நாங்கள் பாலத்தைக் கடக்கும்போது அந்த மனுஷன் மோட்டார்சைக்கிளில் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். முதல் சுற்றில் எதுவும் விழவில்லை, அடுத்த சுற்றுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காவடி பக்கத்திலேயே ஓடினார். "ராம், கி புத்தோன்? கி புத்தோன்?" எந்தக் குமிழ் என்று கெஞ்சுகிறார்.

நாக்கில் வேல். இரண்டு கையும் காவடியில். ஒரு நிமிடம் இறக்கி வைத்தால் சொல்லிவிடலாம்; நேர்த்திக்கடன் வீணாகிவிடும். ராமசந்திரன் ஜான்-மார்க்கைப் பார்த்தார். கண் கலங்கியது. நடந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நானாக இருந்தாலும் நடந்திருப்பேன்.

மறுநாள் டெலக்ஸ் வந்தது. பல வருடத்தில் காணாத பெரிய வெடிப்பாம். வேறு செயற்கைக்கோள்கள் பார்த்திருக்கின்றன, இந்தத் தொலைநோக்கி பிடித்தது மட்டும் வந்து சேரவில்லை. நிலையத்தில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆடியில் பூங்காவனம் போய்விட்டார்.

இப்போது அந்தக் குமிழுக்கு மேலே எப்படித் திருப்புவதென்று பெரிய பிரெஞ்சு எழுத்தில் அவர் எழுதிய ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அன்றைய சுருள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மேடே இல்லாத கோடு, ஒரு முழ நீளம்.

போன வாரம் இந்த வருடக் காவடிப் பட்டியலோடு போயிருந்தேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது என்றேன். எனக்கு அறிவே கிடையாது.

"நான் எறக்கி வைக்கல்லே, மிசியே" என்றார். "ஒரு தரம்கூட எறக்கல்லே."

பிறகு என் பேனாவை வாங்கினார். பட்டியலில் தன் பெயரின் முதல் எழுத்தில் வைத்து, கடைசி எழுத்து வரை ஒரே கோடாக இழுத்தார்.